சம்ப் கழுவுத கம்பெனிக்கு எவன் லிங்க் குடுப்பான்?

சென்னையில் சின்னதாகத் தொழில் நடத்துகிற எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் இந்த மெசேஜ் ஒரு தடவையாவது வந்திருக்கும். "சார், உங்க வெப்சைட்டுக்கு 500 பேக்லிங்க் போட்டுத் தர்றோம். 30 நாள்ல கூகுள் முதல் பக்கம். கேரண்டி." பேக்லிங்க் என்றால் மற்ற சைட்டுகளிலிருந்து உங்கள் சைட்டுக்கு வரும் லிங்க். வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு என்பதால், அதை எனக்கு ஃபார்வர்ட் செய்து "இது நெசமா தம்பி?" என்று கேட்கிறவர்கள் அதிகம். அப்படிக் கேட்காமலே பணத்தைக் கட்டிவிட்டு வந்தவர் மடிப்பாக்கத்து அண்ணாச்சி.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். சம்ப், ஓவர்ஹெட் டேங்க் சுத்தம் செய்வது, மழைநீர் சேகரிப்புக் குழி எடுப்பது, பழைய குழியைத் தூர் வாருவது, இதுதான் முக்கியத் தொழில், கடையில் மோட்டாரும் விற்பார். மடிப்பாக்கம், வேளச்சேரி, ஆதம்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் அபார்ட்மென்ட்காரர்கள் நம்பரை ஒருவருக்கொருவர் கைமாற்றி வைத்திருப்பார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூகுளில் தேடினால் ஆளே தென்பட மாட்டார்.

அவர் கட்டிய பணத்துக்கு அந்த ஏஜென்சி மாதாமாதம் ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தது. வரிசையாக முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'டிஏ 62', 'டிஏ 71' என்று ஒரு எண். இந்த டிஏ என்பது மோஸ் என்கிற கம்பெனி தன் கணக்கில் போடுகிற மார்க், நூற்றுக்கு இவ்வளவு என்று. ஏஹ்ரெஃப்ஸ் என்கிற இன்னொரு கம்பெனி டிஆர் என்று வேறொரு மார்க் போடும். ஒரு சைட்டைப் பற்றிக் குத்துமதிப்பாகத் தெரிந்துகொள்ள இரண்டும் உதவும்தான், நானும் பார்ப்பேன். ஆனால் கூகுள் இந்த இரண்டு மார்க்கையும் எடுத்து ரேங்க் போடுவதில்லை. விற்கிறவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எக்செலை மூடிவிட்டு, கூகுள் சைட்காரர்களுக்காக வைத்திருக்கும் சர்ச் கன்சோலைத் திறந்தோம். இடப்பக்கம் கீழே 'லிங்க்ஸ்' என்று இருக்கும். யார் யார் உங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள், உங்களுடைய எந்தப் பக்கத்துக்கு, என்ன வார்த்தையில் என்று மூன்றையும் அதுவே காட்டும், காசு கிடையாது. அண்ணாச்சிக்கு லிங்க் கொடுத்திருந்தவர்கள்: எங்கோ வெளிநாட்டில் நாய்த்தீனி பற்றி எழுதும் ஒரு சைட், ஒரு கேசினோ, அகராதி மாதிரி சம்பந்தமில்லாத வார்த்தைகளை அடுக்கி வைத்த சில பக்கங்கள். லிங்க் கொடுத்த வார்த்தையைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் 'பெஸ்ட் சம்ப் கிளீனிங் சர்வீஸ் இன் சென்னை'. உயிருள்ள மனுஷன் யாராவது அப்படி எழுதுவானா? அவருடைய வாடிக்கையாளர்கள் 'மடிப்பாக்கம் அண்ணாச்சி', 'டேங்க் கிளீனிங் ஆளு', அதிகம் போனால் கம்பெனிப் பெயர், அப்படித்தான் சொல்வார்கள். லிங்க் கொடுக்கும் இந்த வார்த்தைக்குத்தான் ஆங்கர் டெக்ஸ்ட் என்று பெயர். அது பலவிதமாக இருந்தால்தான் இயல்பு. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

"கண்டுபிடிச்சா என்ன செய்வான் கூகுள்காரன்?" என்றார்.

நியாயமான கேள்வி. இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். பின்னால் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது 1998ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான் பேஜ்ரேங்க் கணக்கு வந்தது. ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்களோ அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு. மேற்கோள் காட்டுகிறவரே பெரிய ஆளாக இருந்தால் இன்னும் மதிப்பு. அதையே வெப்சைட்டுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். லிங்க் என்றால் சிபாரிசு. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது பக்கத்து வீட்டில் விசாரிப்போமே, கிட்டத்தட்ட அப்படி. விசாரிப்பு என்று வந்துவிட்டால் காசு கொடுத்து நல்லவிதமாகச் சொல்லச் சொல்கிற ஆட்களும் வந்துவிடுவார்கள் அல்லவா?

வந்தார்கள். பின்னூட்டங்களில் லிங்க் கொட்டுவது தாங்க முடியாமல் 2005ல் 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்தார்கள். இந்த லிங்க்கை என் சிபாரிசாக எடுத்துக்கொள்ளாதே என்று சைட்காரர் சொல்வதற்கு. 2011ல் ஜே.சி. பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடை, காசு கொடுத்துப் போட்ட லிங்க்குகளால் ஏகப்பட்ட தேடல்களில் முதலிடத்தில் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது; கூகுள் அதைத் தூக்கிக் கீழே போட்டது. 2012 ஜனவரியில் கூகுளின் சொந்த விளம்பர வேலையிலேயே காசுக்குப் போட்ட லிங்க் சிக்க, தன் குரோம் பக்கத்தையே 60 நாளுக்குக் கீழே இறக்கிக்கொண்டார்கள். அதே வருஷம் ஏப்ரல் 24 அன்று, கள்ள லிங்க் போட்டவர்களைப் பிடித்துக் கீழே தள்ளும் பென்குவின் அப்டேட் வந்தது. இந்தத் தொழிலில் இருந்தவர்கள் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக எத்தனையோ சைட்டுகள் காணாமல் போயின.

2016 செப்டம்பரில் பென்குவினைத் தங்கள் மையக் கணக்கோடு சேர்த்துவிட்டார்கள். அதன்பிறகு பெரும்பாலும் தண்டனை இல்லை. கள்ள லிங்க்கைக் கண்டுகொள்ளாமல் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ரொம்பவும் மீறிப் போனால் கூகுள் ஊழியர் ஒருவர் நேரடியாகப் பார்த்து 'மேனுவல் ஆக்‌ஷன்' எடுப்பார். அதுவும் சர்ச் கன்சோலில் தெரியும். அண்ணாச்சியின் கணக்கில் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. "அப்ப ஒண்ணும் கெட்டுப்போகலயே?" என்றார். கெட்டது பணம் மட்டும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 500 லிங்க் விற்கிற அதே ரகத்து ஆட்கள் கொஞ்ச நாள் கழித்து வேறு நம்பரிலிருந்து கூப்பிடுவார்கள்: "உங்க சைட்ல டாக்சிக் லிங்க் நிறைய இருக்கு, எடுத்துத் தர்றோம்." அண்ணாச்சிக்கும் வந்தது. லிங்க்கை வேண்டாம் என்று சொல்வதற்கு 'டிஸ்அவோ' என்ற வசதியை கூகுள் 2012 அக்டோபரிலிருந்தே வைத்திருக்கிறது. மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தால், அல்லது வரும்படியாக நீங்களே நிறைய லிங்க் வாங்கிக் குவித்திருந்தால்தான் அது தேவை. தெரியாமல் கை வைத்தால் நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிவிடலாம். அண்ணாச்சியின் கணக்கு சுத்தமாக இருந்ததால் நாங்கள் அதைத் தொடவே இல்லை.

பிறகுதான் தலைப்பில் இருக்கிற கேள்வி வந்தது. "சரி தம்பி, காசு குடுக்கக் கூடாதுன்னு சொல்லுத. பொறவு சம்ப் கழுவுத கம்பெனிக்கு எவன்டே லிங்க் குடுப்பான்?"

என் பதில் எப்போதும் ஒன்றுதான். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் கொடுப்பார்கள். கேட்கவில்லை என்பதால் கொடுக்காமல் இருக்கிறார்கள்.

நான் முதலில் செய்யச் சொல்வது, கூகுளில் உங்கள் போன் நம்பரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பிறகு கம்பெனிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அண்ணாச்சிக்கு இதிலேயே நல்ல அறுவடை. அவர் விற்கிற மோட்டார் கம்பெனியின் டீலர் பட்டியலில் கடைப் பெயரும் முகவரியும் இருந்தன, வெப்சைட் இல்லை. வாட்டர்ப்ரூஃபிங் கெமிக்கல் சப்ளை செய்கிறவர்களின் பக்கத்தில் அவர் செய்த வேலையின் போட்டோவே இருந்தது, பெயரோடு, லிங்க் இல்லை. ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷன் தங்கள் 'பயனுள்ள தொடர்புகள்' பக்கத்தில் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கேஸ் என்று போட்டு அவர் நம்பரையும் போட்டிருந்தது. இவர்களிடம் கேட்பதற்குக் கூச்சமே பட வேண்டாம். அந்தக் கம்பெனிகளின் ஏரியா சேல்ஸ் ஆள் மாதம் ஒரு தடவை கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர்தான். அவரிடம் சொன்னோம், ஹெட் ஆபீஸுக்குத் தட்டிவிட்டார்.

அடுத்தது இதைவிட நல்லது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு சென்னை லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றதே, அப்போது ஒரு செய்தித்தாளின் இணையப் பக்கத்தில் மழைநீர்க் குழி பற்றி அண்ணாச்சி சொன்னதைப் போட்டு, அவர் சைட்டில் இருந்த ஒரு பக்கத்துக்கு லிங்க்கும் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் இப்போது இல்லை. இடையில் யாரோ சைட்டை மாற்றிக் கட்டியபோது முகவரியெல்லாம் மாறி, பழையதைச் சொடுக்கினால் '404', அதாவது அப்படியொரு பக்கம் இல்லை என்று வந்தது. ஒரு நல்ல சிபாரிசு செத்த முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய முகவரியிலிருந்து புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் போட்டோம், பழையதைச் சொடுக்கினாலும் தானாகப் புதியதற்கே போய்விடும். ஐந்து நிமிட வேலை. யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. இப்போது எந்தப் பழைய சைட் கைக்கு வந்தாலும் சர்ச் கன்சோலில் 'பேஜஸ்' பகுதியில் 404 பட்டியலைத்தான் முதலில் புரட்டுகிறேன். சைட்டை மாற்றிக் கட்டித் தருகிறவர்களிடம் "பழைய முகவரிகளுக்கு ரீடைரக்ட் போட்டாச்சா?" என்று கேட்காமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தெரிந்தவர்களெல்லாம் முடிந்தபிறகு தெரியாதவர்கள். அவர்கள் லிங்க் கொடுக்க ஒரு காரணம் வேண்டும். 'எங்கள் சேவைகள்' பக்கத்துக்கு எவனும் லிங்க் கொடுக்க மாட்டான், அண்ணாச்சி சொன்னது அங்கே சரி. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் நெட்டில் தமிழில் ஒழுங்காக இல்லை. எந்த ஏரியாவில் தோண்டினால் என்ன மண் வரும் என்பது.

சென்னை மண் ஒரே மாதிரி இல்லை. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் பக்கம் மணல். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. மணலில் மழைநீர் சட்டென்று இறங்கிவிடும், சாதாரணக் குழியே போதும். களிமண்ணில் மேலாகக் குழி எடுத்து ஜல்லி கொட்டினால் தண்ணி தேங்கி நிற்கும்; களிமண் அடுக்கைத் தாண்டி உள்ளே துளை இறக்க வேண்டும். பாறையில் வேறு கணக்கு. 2003ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பலபேர் பிளான் அப்ரூவலுக்காக ஏதோ ஒரு குழியைப் போட்டு மூடி வைத்தார்கள். அந்தக் குழிகளைத் திறந்து பார்ப்பதே அண்ணாச்சியின் வருமானத்தில் பாதி.

அவரை உட்கார வைத்துப் பேசவிட்டு எழுதினேன். ஏரியாவாரியாக மண், அதற்கேற்ற குழி, பழைய குழியை எப்படித் தூர் வாருவது: மேலே படிந்த சேற்றை வழித்தெடுத்து, ஜல்லியை வெளியே அள்ளி அலசி, திரும்பப் போடுவது; மொட்டை மாடியைக் கூட்டாமல் விட்டால் அந்த மண்ணெல்லாம் எங்கே போய் அடைக்கும் என்பது; கொசு வராமல் மூடுவது. எல்லாம் அவர் மொபைலில் இருந்த போட்டோக்களோடு. விலைக்கு வாங்கிய படம் ஒன்றுகூட இல்லை. ஒரு போட்டோவில் அவர் செருப்பு தெரியும். அதை வெட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் கடைசியில் போட்டோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அதில்தான். செப்டம்பரில்தான் அசோசியேஷன்களுக்குக் குழி நினைவுக்கு வரும். மார்ச்சில் இதைப் போட்டிருந்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேட்கிற விதம் முக்கியம். ஆங்கிலத்தில் 'ஐ கேம் அக்ராஸ் யுவர் வொண்டர்ஃபுல் ஆர்ட்டிகிள்' என்று ஆரம்பிக்கும் ரெடிமேட் மெயில்களைச் சென்னையில் ஒருவரும் படிப்பதில்லை. போனில் பேசிவிட்டு, பிறகு வாட்ஸ்அப் அனுப்பினோம். அதுவும் இப்படித்தான்: "வணக்கம் சார். மடிப்பாக்கத்துல மழைநீர்க் குழி வேலை செய்றோம். உங்க ஏரியா மண்ணுக்கு எந்த மாதிரிக் குழி சரியா வரும், மழைக்கு முன்னாடி எப்படிச் சுத்தம் பண்ணணும்னு போட்டோவோட எழுதியிருக்கோம். உங்க ஆளுங்களே செஞ்சுக்கலாம், எங்களைக் கூப்பிடணும்னு இல்ல. அசோசியேஷன் வெப்சைட்ல போட்டா மத்த பிளாக்காரங்களுக்கும் உதவும்." அவ்வளவுதான். எந்த வார்த்தையில் லிங்க் கொடுக்கணும் என்று சொல்லவே இல்லை.

பாதிப் பேர் நீலக் குறியோடு நிறுத்திக்கொண்டார்கள். நிறைய அசோசியேஷன்களுக்கு வெப்சைட்டே இல்லை, வாட்ஸ்அப் குரூப்தான். அங்கே போனதால் லிங்க் கணக்கில் பயனில்லை, ஆனால் வேலை வந்தது. ரிடையரான ஒரு பேங்க் மேனேஜர், நங்கநல்லூரில் ஒரு அசோசியேஷனின் செக்ரட்டரி, நேராகவே கேட்டார்: "இதைப் போட்டா உங்களுக்கு என்ன லாபம்?" அண்ணாச்சி சட்டென்று, "கூகுள்ல மேல வருவேன் சார்" என்றார். அவர் சிரித்துவிட்டு, தங்கள் கட்டடத்துக்கு போர் போட்டபோது எத்தனை அடியில் என்ன வந்தது என்று எழுதி வைத்திருந்த தாளையே போட்டோ எடுத்து அனுப்பினார். அதையும் பக்கத்தில் சேர்த்தோம். அதன்பிறகு அவரே மூன்று இடத்துக்கு அனுப்பி வைத்தார். ஒரு இன்ஜினியரிங் காலேஜிலிருந்து சிவில் துறை மாணவர்களைக் கூட்டிவந்து வேலை நடக்கும் இடத்தைக் காட்டினார்கள்; துறையின் பக்கத்தில் அதைப் போட்டு லிங்க் கொடுத்தார்கள். கல்லூரி முகவரி என்பதற்காகவே கூகுள் தனி மதிப்பு தருவதில்லை என்று கூகுள்காரர்களே சொல்லி வந்திருக்கிறார்கள், 'எஜு லிங்க்' என்று தனி விலை வைத்து விற்பவர்களை நம்ப வேண்டாம். இந்த லிங்க் நல்லதாக இருப்பதற்குக் காரணம் அது நிஜமாக நடந்த ஒரு விஷயத்துக்கான லிங்க்.

தமிழில் சைட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சமாச்சாரம். பக்கத்தின் முகவரியைத் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். கூகுளுக்குத் தமிழ் முகவரி புரியும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் மனிதர்களுக்கு. அதைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஒரு முழத்துக்கு நீளும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கும் 9 எழுத்து. 'அம்மா' என்ற ஒரு சொல்லே 45 எழுத்து ஆகிவிடும், புள்ளிக்கும் காலுக்கும் தனித்தனியாக 9 என்பதால். பார்க்கிறவர் வைரஸ் லிங்க் என்று நினைத்து அழித்துவிடுவார். சைட் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் இதில் 200 எழுத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, வெட்டிவிடும். அதாவது தலைப்பில் 22 குறியீட்டோடு சரி. 'மழைநீர் சேகரிப்புக் குழி' என்பதோடு இடம் தீர்ந்துவிடும், அதற்கு மேல் இருப்பது அறுந்துவிடும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்துவிட்டு, தலைப்பையும் உள்ளே இருப்பதையும் தமிழிலேயே எழுதுங்கள். ஏற்கெனவே தமிழில் வைத்திருந்தால் மாற்றும்போது, மறுபடியும் அதே 301.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜஸ்ட்டயல், சுலேகா, இண்டியாமார்ட், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் எல்லாவற்றிலும் பெயர், முகவரி, நம்பர் ஒரே மாதிரி இருக்கட்டும். ரேங்க்குக்காக இல்லாவிட்டாலும் ஆள் வருவார்கள். 'நான் உனக்கு, நீ எனக்கு' லிங்க் மாற்றிக்கொள்வதை அளவுக்கு மீறிச் செய்தால் கூகுள் ஸ்பேம் என்றே சொல்கிறது. தெரிந்த பிளம்பர் ஒருவரின் சைட்டுக்கு லிங்க் கொடுத்து அவரும் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. காசு கொடுத்து விளம்பரக் கட்டுரை போடுவது தப்பில்லை, அந்த லிங்க்கில் 'ஸ்பான்சர்ட்' அல்லது 'நோஃபாலோ' குறி இருக்க வேண்டும். அந்தக் குறி கூடாது என்று யாராவது கூடுதல் காசு கேட்டால் அவர் எதை விற்கிறார் என்று உங்களுக்கே புரியும்.

பலன்? அடுத்த வருஷ மழைக்கு முன்னால், மடிப்பாக்கம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம் என்று ஏரியா பெயரோடு தேடினால் அண்ணாச்சி முதல் பக்கத்தில் வந்தார். வெறும் 'சென்னை' என்று போட்டால் இப்போதும் பெரிய டைரக்டரிகள்தான் மேலே. அதை மாற்ற முடியும் என்று நான் அவருக்குச் சொன்னதே இல்லை. மேப்பில் வருவதற்குத் தேடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதும் கணக்கு. அண்ணா நகரில் நிற்பவருக்கு மடிப்பாக்கத்துக் கடையைக் காட்ட எத்தனை லிங்க் இருந்தாலும் போதாது. லிங்க் மட்டுமே ரேங்க்கும் இல்லை. 2023ல் கூகுளின் கேரி இலியஸே, முதல் மூன்று காரணங்களில் லிங்க் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி விஷயத்தில் அந்த மண் பக்கம் நன்றாக இருந்ததால் மேலே வந்ததா, லிங்க்கால் வந்ததா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் இல்லாமல் அந்த லிங்க்குகளே வந்திருக்காது.

புதிதாக வருகிறவர்கள் "மாசம் எத்தனை லிங்க் தருவீங்க?" என்றுதான் இப்போதும் ஆரம்பிக்கிறார்கள். எண்ணிக்கை சொல்லி நான் வேலை எடுப்பதில்லை. உங்களுக்குச் சப்ளை செய்பவர் யார், நீங்கள் உறுப்பினராக இருக்கும் சங்கம் எது, வாடிக்கையாளர் போனில் அடிக்கடி கேட்கும் கேள்வி என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வேன். கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், கடையில் போன் எடுக்கிற பெண்ணிடம் கேட்பேன். அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

இப்போது ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து அசோசியேஷன்கள், தங்கள் ஏரியாவுக்கும் அதே மாதிரி பக்கம் வேண்டும் என்று கேட்கிறார்கள். நெட்டில் பார்த்து ஒப்பேற்றலாம்தான். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே நாலு குழியாவது எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை அந்த இடம் காலியாகவே கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.